ஏழாயிரம் ரூபா காத்து மீட்டர்: எட்டு மாசம் வச்சிருந்து பாத்த ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது ஏர் பியூரிஃபையர் இல்ல. காத்தை சுத்தம் பண்ணாது, வாசனை வராது, குளிர்ச்சி குடுக்காது, ரூம் காத்துல தூசும் கார்பன் டை ஆக்சைடும் எவ்ளோ இருக்குன்னு மேசை மேல உக்காந்துக்கிட்டு நம்பர் காட்டும், அவ்ளோதான். அதுக்குப் போய் ஏழாயிரத்து சொச்சம் குடுத்தியான்னு எங்க அம்மா இன்னி வரைக்கும் கேக்கறாங்க. விருந்தாளி யாராவது வந்து அது என்னன்னு கேட்டா "அது ஒண்ணுமில்ல, நாத்தம் அடிக்குதுன்னு நமக்கு மூக்கு சொல்றதை அது இங்கிலீஷ்ல சொல்லும்"னு விளக்கம் வேற. பாதி உண்மைதான். மீதி பாதிக்குதான் இந்த ரிவ்யூ.

நாங்க இருக்கறது வட சென்னைல திருவொற்றியூர், தண்டவாளத்துக்கு கிழக்கால, மூணாவது மாடி. மொட்டை மாடில நின்னா ஒரு பக்கம் கடல், மேற்கால ரிஃபைனரி இருக்கற மணலி, வடக்கால எண்ணூர், அதையும் தாண்டி அத்திப்பட்டு புகைபோக்கி. பால்கனில காயப்போட்ட ஸ்கூல் யூனிஃபார்மை உதறினா கருப்பா பொடி கொட்டும். என் பொண்ணுக்கு பத்து வயசு, ரெண்டு வருஷமா குளிர் காலம் வந்தா வீசிங். டாக்டர் நைட்ல ஜன்னலை மூடி வைங்கன்னாரு. எங்க அக்கா போன்ல, ஜன்னலை மூடி வச்சு ஏசி போட்டு தூங்கறதாலதான்டி கொழந்தைக்கு இப்படி ஆகுது, தொறந்து வையின்னாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாதான் பட்டுது. காத்து மாசு காட்டற அரசாங்கத்தோட சமீர் ஆப்ல மணலி ஸ்டேஷன் நம்பர் வரும்தான், ஆனா மணலில என்ன இருக்குன்னு தெரிஞ்சு என் பெட்ரூம்ல என்ன இருக்குன்னு எப்படி சொல்றது? அந்த ஜன்னல் பஞ்சாயத்தை தீக்கறதுக்குதான் போன ஆகஸ்ட்ல ஆன்லைன்ல இதை ஆர்டர் போட்டேன்.

டப்பா ஒரு சின்ன டிபன் பாக்ஸ் சைஸ். ஸ்க்ரீன்ல நாலு நம்பர்: பிஎம் 2.5, சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு), வெப்பம், ஈரப்பதம். பிஎம் 2.5ன்னா 2.5 மைக்ரானை விட சின்ன தூசு, தலைமுடி தடிமன்ல இருபதுல ஒரு பங்கு கூட இருக்காது, நுரையீரலோட கடைசி முடுக்கு வரைக்கும் போயிடும். உள்ள ஒரு குட்டி ஃபேன் காத்தை இழுக்கும், ஒரு லேசர் அடிக்கும், தூசு மேல பட்டு செதறற வெளிச்சத்தை வச்சு ஒரு கன மீட்டர் காத்துல எத்தனை மைக்ரோகிராம்னு கணக்கு போடும். சிஓ2க்கு என்டிஐஆர்னு ஒரு சென்சார். கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்புக் கதிரை முழுங்கும், எவ்ளோ முழுங்கிச்சுன்னு பாத்து, பத்து லட்சம் பங்கு காத்துல அது எத்தனை பங்குன்னு அளவு சொல்லும். கொஞ்சம் யோசிச்சா இது செம மேட்டர், பூமி சூடாகறதே இந்த வாயு அகச்சிவப்புக் கதிரை வெளிய விடாம புடிச்சு வைக்கறதாலதான், அதே வேலையைத்தான் இந்த டப்பாக்குள்ள ஒரு சின்னக் குழாயில அது செஞ்சு காட்டுது.

வாங்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு "சிஓ2 மீட்டர்"னு நெறைய கெடக்கு, அதுல பலதுல சிஓ2 சென்சாரே கெடையாது. வேற ஏதோ வாயுவை மோந்து பாத்துட்டு சிஓ2 இவ்ளோ இருக்கலாம்னு குத்துமதிப்பா ஒரு நம்பர் போடும். "ஈசிஓ2"ன்னு சின்ன எழுத்துல போட்டிருந்தா ஓடிருங்க. நான் மொதல்ல வாங்கினது அந்த ரகம், பொண்ணு பவுடர் போட்டா நானூறுலேர்ந்து ரெண்டாயிரத்துக்கு எகிறும். திருப்பி அனுப்பிட்டேன், காசு வர பத்தொம்பது நாள் ஆச்சு, அது தனிக் கதை.

மொத வாரம் வீட்ல ஒரே கூத்து. பிஎம் 2.5க்கு உலக சுகாதார அமைப்பு 2021ல சொன்ன வரம்பு ஒரு நாள் சராசரிக்கு 15, நம்ம இந்தியா வரம்பு 60. ரெண்டுக்கும் நடுவுல எப்படி நாலு மடங்கு வித்தியாசம்னு கேக்காதீங்க, நம்ம நுரையீரல் கெட்டி போல. எங்க ஹால்ல சாதாரணமா 25, 30 இருக்கும். அம்மா கடுகு தாளிச்சு மிளகா கிள்ளிப் போட்டாங்க, 140. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, 400 தாண்டி ஸ்க்ரீன் செவப்பாயிடுச்சு. அதை எல்லாம் கூட விடுங்க, தினம் தினம் நடந்த கொடுமை கொசுவத்தி. ஒரு சுருள் எரிஞ்சு முடியறதுக்குள்ள வர நுண்தூசு 75லேர்ந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு 2003லயே ஒரு ஆராய்ச்சி சொல்லியிருக்கு, இது எனக்கு டப்பா வாங்கினப்பறம்தான் தெரியும். கொழந்தை கட்டிலுக்கு அடியில நாமளே ஏத்தி வச்சிட்டு மணலியைத் திட்டிட்டு இருந்திருக்கோம். அன்னிக்கே சுருளைத் தூக்கிப் போட்டு கொசுவலை கட்டினேன். காசு அங்கயே வசூல்.

சரி, ஜன்னல் பஞ்சாயத்துக்கு வரேன். ஜன்னலை மூடி, ஏசி போட்டு, நானும் பொண்ணும் அம்மாவும் ஒரே ரூம்ல படுத்தா பிஎம் 18, 20ன்னு அமைதியா கெடக்கும், ஆனா சிஓ2 ராத்திரி ரெண்டு மணிக்கு 2100. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள எடுக்காது, உள்ள இருக்கறதையேதான் சுத்தி சுத்தி குளிர வைக்கும், நாம விட்ட மூச்சையே நாம இழுத்துட்டு படுத்திருக்கோம். காலைல தலை பாரமா இருக்கறது இதனாலதான் போல. ஜன்னலைத் தொறந்தா பதினஞ்சு நிமிஷத்துல சிஓ2 600க்கு எறங்கும், அதே பதினஞ்சு நிமிஷத்துல பிஎம் 70, 80. பகல்ல இந்தப் பிரச்சினை அவ்ளோ இல்ல, மத்தியானம் கடல்காத்து வந்துட்டா ரெண்டு நம்பருமே நல்ல பிள்ளையா இருக்கும். ராத்திரி காத்து திரும்பி நிலத்துலேர்ந்து கடலுக்குப் போகும், எங்களுக்கு மேற்கால இருக்கறது மணலி, அப்பறம் சொல்லணுமா. அதுலயும் டிசம்பர் ஜனவரில தரை குளுந்து மேல சூடான காத்து மூடி மாதிரி உக்காந்துக்கும், புகை மேல போக வழி இல்லாம விடியற வரைக்கும் தெருவுலயே கெடக்கும். டாக்டர் சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி. ஏழாயிரம் செலவு பண்ணி தீர்ப்பு இதுதான்.

இதை டெல்லில இருக்கற என் மச்சான்கிட்ட சொன்னா சிரிக்கறாரு. நவம்பர்ல அவரோட பிஎம் நம்பர் என்னோட சிஓ2 நம்பர் மாதிரி இருக்கும்.

ஆனா ஒரு மாசம் அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல பாத்துட்டே இருந்ததுல வேற ஒண்ணு மண்டையில ஏறிச்சு. மீட்டர்ல பாத்தா ஒண்ணு ஏற ஒண்ணு எறங்குது, ஏதோ ரெண்டும் ஜென்ம விரோதி மாதிரி. வெளிய போனா ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது. அத்திப்பட்டுல நிலக்கரி எரியுது, வட சென்னை அனல் மின் நிலையம், பக்கத்துலயே வல்லூர் 1500 மெகாவாட், அதே கரி எரியறதுலதான் சாம்பலும் கந்தகமும் கார்பன் டை ஆக்சைடும் ஒண்ணா வெளிய வருது. எண்ணூர் நெடுஞ்சாலைல துறைமுகத்துக்கு க்யூ கட்டி நிக்கற கண்டெய்னர் லாரியும் அப்படித்தான், ஒரே சைலன்சர்ல கரிப்புகையும் சிஓ2வும். காத்து மாசு ஒரு துறை, கிளைமேட் சேஞ்ச் வேற துறைன்னு நாமதான் ஃபைலை பிரிச்சு வச்சிருக்கோம்.

பொறப்பு ஒண்ணு, ஆயுசு வேற. தீபாவளி அன்னிக்கு ராத்திரி பால்கனில பிஎம் 380. கொஞ்ச நாள்ல நல்ல மழை ஒண்ணு புடிச்சுது, விடிகாலை பாத்தா 6. ஆறு! மழை தூசை கழுவி தரைல எறக்கிடும், மழை இல்லாட்டியும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அதுவா படிஞ்சிடும். சிஓ2 அந்த மழைல நனைஞ்ச மாதிரியே தெரியல, பால்கனில அதே அளவுதான். நாம விடற கார்பன் டை ஆக்சைடுல ஒரு பங்கு நூத்துக்கணக்கான வருஷத்துக்கு மேலயே இருக்கும். 2020 ஊரடங்கு ஞாபகம் இருக்கா, வண்டி ஓடல, ஃபேக்டரி ஓடல, ஜலந்தர்லேர்ந்து இமயமலைத் தொடர் தெரியுதுன்னு போட்டோ போட்டாங்க, பிஎம் அந்த அளவுக்கு சடார்னு விழுந்துச்சு. அந்த வருஷம் உலகம் மொத்தம் விட்ட சிஓ2 சுமார் 5 சதவீதம் கொறஞ்சுது. காத்துல இருந்த அளவு கொறஞ்சுதா? ஏறிச்சு. தொட்டில தண்ணி விடற குழாயை லேசா திருகினா தண்ணி மெதுவா ஏறும், எறங்காது இல்லையா. பிஎம்முக்கு தொட்டியே கெடையாது, அது ஓட்டை சல்லடை, ஊத்தறதை நிறுத்தினா காலி.

இப்ப இந்த டப்பா மேல எனக்கு இருக்கற பெரிய கோவம். நவம்பர்ல மழை விடாம பத்து நாள், ஜன்னலையே தொறக்கல. மழை விட்டதும் ஆசையா பால்கனில கொண்டு போய் வச்சா சிஓ2 260ன்னு காட்டுது. 260! தொழிற்புரட்சிக்கு முன்னாடி உலகத்துல இருந்ததே 280தான். திருவொற்றியூர் பால்கனில ராஜா காலத்து காத்து அடிக்குதுன்னு அர்த்தமா? கஸ்டமர் கேர்ல ஒரு தம்பி "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்"னாரு. அப்பறம் மேனுவலை உக்காந்து படிச்சதுல விஷயம் புரிஞ்சுது. இந்த சென்சார் வாரத்துக்கு ஒரு தடவை தன்னைத்தானே திருத்திக்கும், எப்படின்னா அந்த வாரத்துல அது பாத்த ரொம்ப கம்மியான அளவை "இதுதான் வெளிக்காத்து, இது 400"ன்னு வச்சிக்கும். நாங்க பத்து நாள் மூடியே வச்சதால ரூம்ல இருந்த கம்மியான அளவே 570 மாதிரி எதோ இருந்திருக்கும், அதைப் புடிச்சு 400ன்னு எழுதிக்கிச்சு, அப்பறம் எல்லாமே கீழ காட்டுது. வாங்கினா வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் வெளிய வைங்க, இல்லாட்டி அந்த ஆட்டோ திருத்தத்தை ஆஃப் பண்ணிட்டு நீங்களே நம்பர் போட்டு செட் பண்ணுங்க.

என்ன நம்பர் போடறதுன்னு தேடும்போதுதான் இன்னொரு கூத்து கண்ணுல பட்டுது. வெளிக்காத்து 400ங்கற கணக்கே பழசு. ஹவாய் தீவுல மவுனா லோவா எரிமலை மேல சார்லஸ் கீலிங்னு ஒருத்தர் 1958ல அளக்க ஆரம்பிச்சப்போ 315 பக்கம். 2013 மே மாசம் மொத தடவையா ஒரு நாள் சராசரி 400ஐ தொட்டுச்சு. 2025 மே மாச சராசரி 430ஐ தாண்டிடுச்சு. அதாவது ஃபேக்டரில உக்காந்து எவரோ 400ன்னு போட்டு வச்சிட்டாரு, போட்டப்போ சரி, இப்ப இல்ல. என் பொண்ணு பொறந்தது 2015, அந்த வருஷ சராசரி சுமார் 401. அவ பொறந்தப்போ கரெக்டா இருந்திருக்க வேண்டிய மிஷின், அவ அஞ்சாவது படிக்கறதுக்குள்ள அவுட்டேட் ஆயிடுச்சு. ஒவ்வொரு வாரமும் அது தன்னை திருத்திக்கறேன்னு சொல்லி, ஏறினதை எல்லாம் அழிச்சிட்டு மறுபடி 400லேர்ந்து ஆரம்பிக்குது. ஒரு மிஷினுக்கு இவ்ளோ மறதி ஆகாது. நான் கையால 430 போட்டு வச்சிருக்கேன், ஊருக்குள்ள நிஜத்துல அதுக்கும் மேலதான் இருக்கும்.

அடுத்தது, இது காட்டாத சமாச்சாரங்க. சாதாரணமா ரிவ்யூல இதை ஒரு வரில முடிச்சிடுவாங்க, எனக்கு இங்கதான் மேட்டரே இருக்குன்னு தோணுது. கரில இருக்கற கந்தகம் எரிஞ்சா சல்ஃபர் டை ஆக்சைடு, அது வாயு, லேசருக்கு சிக்காது, மூக்கு எரியும் ஆனா டப்பா பச்சை லைட்டு காட்டும். 2023 டிசம்பர்ல எண்ணூர்ல ராத்திரி அமோனியா கசிஞ்சப்போ ஜனங்க தெருவுல ஓடினாங்களே, அன்னிக்கு இந்த டப்பா இருந்திருந்தாலும் அதுபாட்டுக்கு சிரிச்சிட்டு இருந்திருக்கும், இதை நம்பி வாயு லீக்குக்கு பாதுகாப்புன்னு நெனச்சிடாதீங்க. அந்த சல்ஃபர் டை ஆக்சைடு காத்துல போகப் போக, ஒண்ணு ரெண்டு நாள்ல, அமோனியாவோட எல்லாம் சேந்து சல்ஃபேட் துகளா மாறும். அதாவது இங்க கிளம்பற புகை வேற எங்கயோ ஒரு ஊர்ல வேற ஒருத்தரோட மீட்டர்ல பிஎம்மா பதிவாகும்.

அந்த சல்ஃபேட் துகளுக்கு இன்னொரு குணம், வெயிலைத் திருப்பி அனுப்பும், மேகத்தை வெளுக்க வைக்கும், பூமியை கொஞ்சம் குளிர வைக்கும். 1991ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ எரிமலை வெடிச்சு கந்தகத்தை மேல கக்கினதுல ஒரு வருஷத்துக்கு மேல உலகமே சுமார் அரை டிகிரி குளுந்துச்சு. ஐநாவோட பருவநிலைக் குழு ஐபிசிசியோட 2021 அறிக்கைல, 2010லேர்ந்து 2019 வரைக்குமான காலத்துக்கு மனுஷனால வந்த சூடு சுமார் 1.1 டிகிரி. சிஓ2 மாதிரி சூட்டைப் புடிச்சு வைக்கற பசுமைக்குடில் வாயுக்கள் மட்டும் இருந்திருந்தா மையக் கணக்கு 1.5 பக்கம் வரும், நடுவுல 0.4 டிகிரி மாதிரி இந்தப் புகை மறைச்சு வச்சிருக்கு. படிச்சதும் எனக்கு பகீர்னுச்சு. நம்ம நெஞ்சை அரிக்கற தூசே நமக்கு குடை புடிச்சிட்டு இருக்கு. உலகக் கப்பலுங்களுக்கு 2020 ஜனவரிலேர்ந்து எரிபொருள்ல கந்தகம் 3.5 சதவீதத்துலேர்ந்து 0.5க்கு கொறைக்கணும்னு சட்டம் வந்துச்சு, துறைமுகத்து ஜனங்களுக்கு நல்லது, ஆனா கடல் மேல அந்த வெள்ளைத் திரை கொறஞ்சு சூடு கொஞ்சம் கூடியிருக்குன்னு விஞ்ஞானிங்க எவ்ளோ கூடிச்சுன்னு அடிச்சிக்கிட்டு இருக்காங்க.

இதைக் கேட்டா சில பேர் உடனே, அப்ப கந்தகத்தை விட்டுருங்க சார், எதுக்கு செலவுன்னு ஆரம்பிச்சிடறாங்க. 2015 டிசம்பர்ல அனல் மின் நிலையத்துக்கு எல்லாம் கந்தகத்தை வடிகட்டற எஃப்ஜிடி மாட்டணும்ங்கற அளவுக்கு விதி கொண்டு வந்தாங்க, ரெண்டு வருஷம் கெடு, அது 2022 ஆச்சு, அப்பறம் தள்ளித் தள்ளி 2025 ஜூலைல பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே குடுத்துட்டாங்க. பத்து லட்சம் பேருக்கு மேல இருக்கற நகரத்துலேர்ந்து பத்து கிலோமீட்டருக்குள்ள இருந்தா 2027 கடைசிக்குள்ள கட்டாயம் மாட்டணுமாம். காத்துக்கு அந்த பத்து கிலோமீட்டர் கோடு தெரியுமான்னு எனக்கு சந்தேகம். கந்தகம் நிழல் குடுக்குதுங்கற அந்த வாதத்துக்கு என் பதில் இதுதான்: நிழல் ஒரு வாரத்துக்கு, கார்பன் பேரப்பிள்ளை காலத்துக்கு. நிழலுக்காக புகை விட்டா ஒவ்வொரு வாரமும் விட்டுட்டே இருக்கணும், கூடவே கார்பனும் ஏறிட்டே போகும், என்னிக்கு நிறுத்தினாலும் அன்னிக்கு மறைஞ்சிருந்த சூடு மொத்தமா தலைல எறங்கும். அதுக்கு விலை என் பொண்ணோட இன்ஹேலர். இந்த வியாபாரம் எனக்கு கட்டாது.

எல்லாப் புகையும் குளிர வைக்காதுங்கறதையும் சொல்லணும். டீசல், குப்பை, விறகு எரியற கருப்புக் கரி வெயிலை உறிஞ்சி சூடாக்கும், இமயமலைப் பனில படிஞ்சா பனி சீக்கிரம் உருகும். இந்தப் பக்கத்து புகை மொத்தமும் சேந்து இந்தியப் பெருங்கடல் மேல சுமார் மூணு கிலோமீட்டர் தடிமனுக்கு பழுப்பு மேகமா நிக்குதுன்னு 1999ல மாலத்தீவுல வச்சு கண்டுபுடிச்ச குழுவுக்கு தலைமை தாங்கினவங்கள்ல ஒருத்தர் நம்ம அண்ணாமலை பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் படிச்ச வீரபத்ரன் ராமநாதன். அவர் படிச்சு முடிச்சு மொதல்ல வேலை பாத்தது செகந்திராபாத்ல ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனில, கேஸ் ஏன் லீக் ஆகுதுன்னு பாக்கற வேலை. அப்பறம் அமெரிக்கா போய் 1975ல, அதே ஃப்ரிட்ஜ் கேஸ் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடை விட பத்தாயிரம் மடங்கு சூட்டைப் புடிக்கும்னு கணக்கு போட்டு காட்டினாரு. புடிக்காத மொத வேலை எங்க கொண்டு விடும்னு யாருக்குத் தெரியும்.

ஃப்ரிட்ஜ் கேஸ்ன்னதும் எங்க வீட்டு ஏசியை எட்டிப் பாத்தேன், ஸ்டிக்கர்ல ஆர்32. பழசுக்கு இது பரவால்ல, ஆனாலும் கார்பன் டை ஆக்சைடை விட 675 மடங்கு சூடாக்கும். அரைக் கிலோ லீக் ஆனாலே 300 கிலோ சிஓ2வுக்கு மேல சமம், போன வருஷம் கேஸ் ஃபில்லிங்குக்கு வந்தவர் மிச்சத்தை அப்படியே புஸ்ஸுன்னு வெளிய விட்டதை நான் நின்னு வேடிக்கை பாத்தேன். எங்க ஏசி ராத்திரிக்கு ஏழு யூனிட் இழுக்கும், நம்ம நாட்டு கரண்ட்டுக்கு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோன்னு வச்சா ஒரு ராத்திரிக்கு அஞ்சு கிலோ. இப்ப கணக்கைப் பாருங்க. வெளிய புகைன்னு ஜன்னலை மூடறேன், புழுங்குதுன்னு ஏசி போடறேன், ஏசிக்கு கரண்ட்டு அத்திப்பட்டுலேர்ந்து, அங்க கரி எரிஞ்சா வெளிய புகை, புகைன்னு ஜன்னலை மூடறேன். இந்த வளையத்தை எந்த விளம்பரத்துலயும் போட மாட்டான், ஆனா டப்பாவோட நாலு நம்பரும் ராத்திரி முழுக்க இதைத்தான் சொல்லிட்டு இருக்கு.

போகி அன்னிக்கு விடிகாலை நாலே முக்காலுக்கு அலாரம் அடிச்சு எழுப்பி விட்டுச்சு. தெரு முனைல டயர். 340. போகி புகைல 2018ல ஏர்போர்ட்டே ஸ்தம்பிச்சுது, அப்பவும் அடுத்த வருஷமும் நம்ம ஆளுங்க டயரை எரிக்காம இல்ல. எங்க அம்மா பழைய பாயை எரிக்கணும்னு நின்னாங்க, பொண்ணு டப்பாவைத் தூக்கிட்டு வந்து மூஞ்சிக்கு நேரா காட்டினா. பாய் மொட்டை மாடிக்கு போச்சு, இப்ப அதுல வத்தல் காயுது. கொடுங்கையூர் குப்பைமேடு பக்கம் இருக்கற என் ஃப்ரெண்டுக்கு போகி எல்லாம் ஒரு நாள் கணக்கே இல்ல. அங்க மக்கற குப்பைலேர்ந்து வர மீத்தேன் இருவது வருஷக் கணக்குல கார்பனை விட எண்பது மடங்கு சூடாக்கும், அது மட்டும் இல்லாம வெயில்ல தரை மட்டத்துல ஓசோன்ங்கற, மூச்சைக் கெடுக்கற வாயு உண்டாகவும் அது ஒரு காரணம். ஓசோனும் இந்த டப்பாவுக்கு தெரியாது. இப்ப ஏப்ரல், பிஎம் 15, 20ன்னு அழகா காட்டுது, மத்தியானம் வெளிய போனா தொண்டை எரியுது, வெயில் ஏற ஏற ஓசோன் ஏறும். பச்சை லைட்டை பாத்து ஏமாறாதீங்க. ஆனா மீத்தேன்ல ஒரு நல்ல விஷயம், பன்னெண்டு வருஷம் மாதிரிதான் அதுக்கு ஆயுசு, குப்பையை பிரிச்சு குடுத்து அதைக் கொறைச்சா நம்ம காலத்துலயே பலன் தெரியும்.

மத்த குறைகளை வேகமா சொல்லிடறேன். பேட்டரி எட்டு மணி நேரம்னு டப்பால போட்டிருக்கான், மூணரைக்கு மேல நிக்கல, எப்பவும் சார்ஜர்லயே கெடக்கும். அந்தக் குட்டி ஃபேன் ராத்திரி நிசப்தத்துல கொசு மாதிரி கத்தும், கொசுவத்தியை விட்டும் கொசு சத்தம் போகல. ஈரப்பதம் 85க்கு மேல போனா பிஎம் கூடுதலா காட்டும், தண்ணி குடிச்சு தூசு உப்பிடறதால லேசருக்கு பெருசா தெரியும், கடலோரத்துல இருக்கறவங்க விடிகாலை நம்பரை பாத்து பயந்துடாதீங்க, சமீர் ஆப்ல பக்கத்து ஸ்டேஷன் நம்பரோட ஒப்பிட்டுக்கோங்க. ஆப் தமிழ்ல இல்ல. எட்டு மாசத்துல ரெண்டு தடவை பழைய ரெக்கார்டு அழிஞ்சு போச்சு, என் அக்டோபர் மாசம் மொத்தமும் போச்சு.

வாங்கலாமா? கொழந்தைக்கோ பெரியவங்களுக்கோ மூச்சுப் பிரச்சினை இருந்தா, சமையல், கொசுவத்தி, ஜன்னல் நேரம் மூணையும் மாத்தறதுக்கு இது போதும், வாங்குங்க. எங்க வீட்டு டைம்டேபிள் இப்ப இது: சாயங்காலம் நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் எல்லா ஜன்னலும் தொறந்து, ராத்திரி மணலி பக்கத்து ஜன்னல் மூடி, கடல் பக்கத்து ஜன்னல் மட்டும் நாலு விரல் கேப், ஏசி 27, ஃபேன் ரெண்டு. சிஓ2 1100, பிஎம் 30 பக்கம் நிக்குது. இந்த குளிர் காலத்துல பொண்ணுக்கு நெபுலைசர் ரெண்டு தடவைதான் வச்சோம், போன வருஷம் எத்தனைன்னு எண்ணவே இல்ல. அஞ்சுக்கு மூணரை ஸ்டார். அந்த 400க்கு ஒரு ஸ்டார் வெட்டு, பேட்டரிக்கு அரை.

கீழ் வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சி ஊதுபத்தில எவ்ளோ வருதுன்னு பாக்கணும்னு போன சனிக்கிழமை கடன் வாங்கிட்டு போனாரு. இன்னும் திருப்பிக் குடுக்கல. நேத்து கடைக்கு போனா கல்லா மேல வச்சிருக்காரு, வர கஸ்டமர் எல்லாருக்கும் நம்பர் படிச்சு காட்டிட்டு இருக்காரு, கூடவே ஊதுபத்தியும் எரியுது. கைக்கு வந்ததும் கம்ப்ளெயின்ட் குடுத்த பேட்டரிக்கு என்ன பதில் வந்துச்சுன்னு அப்டேட் போடறேன்.